அறுத்த பிறகும் வேலை செய்யும் தசை: கறிக்கடைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விடியக்காலம் நாலு மணிக்கு அறுத்த கிடா ஏழு மணிக்கு வீட்டுக் குக்கரில் ஏறிவிடும். கோட்டாறு, திங்கள்சந்தை, மார்த்தாண்டம், எங்கே போனாலும் நம் குமரி மாவட்டத்தில் நல்ல கறி என்றால் இதுதான் கணக்கு. நான் தக்கலைப் பக்கம் பதினாறு வருடமாக ஆடும் போத்தும் (எருமைக் கடா) விற்கிறேன். புதிதாகக் கடை போட நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பதெல்லாம் கத்தியைப் பற்றியும் கண்ணாடி வைத்த பிரிஜ்ஜைப் பற்றியும்தான். அவை காசு கொடுத்தால் கிடைத்துவிடும். நான் முதலில் சொல்லிக்கொடுப்பது வேறு. ஆடு செத்த அந்த நிமிடத்தில் அதன் தசை சாவதில்லை. இன்னும் பல மணி நேரம் உள்ளுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும். அந்த வேலை ஒழுங்காக நடந்தால் கறி மிருதுவாக இருக்கும், நல்ல நிறம் எடுக்கும், கெடாமல் தாங்கும். நடக்காமல் போனால் எவ்வளவு தேங்காய் வறுத்து அரைத்து ஊற்றினாலும் அந்தக் கறி தேறாது.

உள்ளே நடப்பது என்ன

ஓடவும் உதறவும் வேண்டிய அவசரத்துக்கென்று தசை தன்னிடமே கொஞ்சம் சர்க்கரையைக் கட்டி வைத்திருக்கிறது. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் துணுக்குகளைக் கிளை கிளையாகக் கோத்த அந்தச் சேமிப்புக்குக் கிளைக்கோஜன் என்று பெயர். வயிறாரத் தின்று ஓய்ந்து நிற்கும் மாட்டின் ஒரு கிலோ தசையில் 10 முதல் 15 கிராம் வரை இருக்கும். இரண்டு மூன்று தேக்கரண்டிச் சீனி அளவுதான். கறியின் தலையெழுத்தே அதில் இருக்கிறது.

கழுத்தை அறுத்து இரத்தம் வடிந்ததும் தசைக்கு ஆக்சிஜன் வரத்து நின்றுபோகும். ஆனாலும் செல்லுக்கு ஏ.டி.பி. என்ற எரிபொருள் வேண்டும். கையிலிருக்கும் சில்லறையைப்போலக் கிரியாட்டின் பாஸ்பேட்டை முதலில் செலவழிக்கும். அது தீரத் தீரக் கிளைக்கோஜனில் கை வைக்கும். கிளைக்கோஜனை உடைக்கும் நொதிக்கு பாஸ்ஃபாரிலேஸ் என்று பெயர். முருங்கைக் கீரையை நுனியிலிருந்து ஒவ்வொரு இலையாகக் கிள்ளுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படித்தான் இந்த நொதி ஒவ்வொரு துணுக்காகக் கழற்றிக்கொண்டு வரும். கிளை பிரியும் கவட்டைக்கு நாலு துணுக்கு இருக்கும்போது நின்றுவிடும். கவட்டையை அவிழ்க்க இன்னொரு நொதி வர வேண்டும். குளிர் ஏற ஏற அந்த நொதி மந்தமாகிவிடும். கிளைக்கோஜன் உடையும் இந்த வழியைக் கண்டறிந்ததற்காகத்தான் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதிக்கு 1947-இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

கழன்ற ஒவ்வொரு துணுக்கும் வரிசையாகப் பல நொதிகளின் கை மாறி, மூன்று ஏ.டி.பி.யைக் கொடுத்துவிட்டு இரண்டு லாக்டிக் அமிலமாக மிஞ்சும். உயிருள்ள உடம்பில் இரத்தம் அதை ஈரலுக்குக் கொண்டுபோய்விடும். இப்போது கொண்டுபோக ஆள் இல்லை, அதனால் தசையிலேயே தேங்குகிறது. புளிப்பை அளக்கும் எண் பி.எச்.; எண் இறங்கினால் புளிப்பு கூடுகிறது என்று அர்த்தம். உயிரோடு இருக்கும்போது 7-க்குச் சற்று மேலே இருக்கும் தசையின் பி.எச்., மெல்ல இறங்கி 5.5 பக்கம் வந்து நிற்கும். அதற்குக் கிலோவுக்கு 8, 9 கிராம் கிளைக்கோஜன் செலவாகும். அந்தப் புளிப்பில் நொதிகளே ஓய்ந்துவிடுவதால், சேமிப்பு மிஞ்சியிருந்தாலும் அதற்குமேல் அதிகம் இறங்காது. ஏ.டி.பி.யும் தீர்ந்துவிட்டால் தசையிலுள்ள ஆக்டின், மயோசின் இழைகள் ஒன்றையொன்று பிடித்தபடி பூட்டிக்கொள்ளும். தொங்குகிற தொடை கட்டைபோல விறைப்பது அப்போதுதான்.

முதல் படி: அறுப்புக்கு முந்தின நாள்

நம் ஊர் ஆடுகளில் நிறைய மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையிலிருந்தோ எட்டயபுரம் சந்தையிலிருந்தோ வருபவை. சந்தையில் பகல் முழுக்க வெயிலில் நின்று, தண்ணீர் இல்லாமல், சாயங்காலம் லாரியில் ஏறி ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் ஆடி ஆடி வரும். கீழே விழாமல் நிற்பதற்கே அதன் கால் தசைகள் வழி முழுக்க முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பயத்தில் அட்ரினலின் சுரக்கும். அட்ரினலின் போய்ச் சும்மா கிடக்கும் பாஸ்ஃபாரிலேஸை எழுப்பிவிடும். கத்தி படுவதற்கு முன்னாலேயே சேமிப்பு கரைந்துவிடுகிறது. பிறகு அறுத்தால் புளிப்பாக மாற அங்கே எதுவும் இருக்காது.

அப்படிப்பட்ட கறியை ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் பார்த்தேன். ராத்திரி பத்து மணிக்கு வெவ்வேறு இடத்திலிருந்து இரண்டு போத்து வந்தன. கொட்டகையில் இடம் இல்லை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டினேன். விடியும் வரை முட்டிக்கொண்டே கிடந்தன. காலையில் உரித்துத் தொங்கவிட்டால், தொடைக்கறி நாவற்பழம் போலக் கறுத்திருந்தது. வெட்டின பக்கத்தில் காற்றுப் பட்டு இருபது நிமிடமாகியும் சிவக்கவில்லை. கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டியது. வழக்கமாக வாங்கும் ஒரு அக்கா பார்த்துவிட்டு, "என்ன மக்கா, நேத்தத்த எறச்சியையா வச்சிருக்க?" என்று கேட்டார். அறுத்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது, சத்தியம் செய்தும் நம்பவில்லை. அறுத்த நேரத்தில் அவர் கணக்குத் தப்பு. கறி சரியில்லை என்பதில் அவர் கண் தப்பவே இல்லை. மிச்சம் இருந்தது வழக்கத்துக்கு ரொம்ப முன்னாலேயே வாடை வைத்துவிட்டது.

காரணம் இதுதான். பி.எச். 6-க்குக் கீழே இறங்காத கறியில் தசை இழைகள் தண்ணீரை உள்ளே பிடித்துக்கொண்டு உப்பி நிற்கும். அதனால் வெளிச்சம் சிதறாமல் உள்ளே போய்விடும், கறி கறுப்பாகத் தெரியும். புளிப்பு என்ற காவலும் அங்கே இல்லை. நுண்ணுயிர்கள் தின்னச் சர்க்கரையும் இல்லாததால் முதல் நாளிலேயே புரதத் துணுக்குகளில் கை வைக்கும். நாற்றம் சீக்கிரம் வருவது அதனால்தான். நோய் கண்ட மாட்டின் கறி என்று இதை நினைக்க வேண்டாம். சமைத்துத் தின்னலாம். ஆனால் வைத்து விற்கக் கூடாது. அன்றைக்கே, விலை குறைத்து, காரணத்தைச் சொல்லி விற்றுவிடுங்கள்.

இது வராமல் பார்த்துக்கொள்வதற்கு நான் செய்வதைச் சொல்கிறேன். வந்திறங்கிய ஆட்டுக்கு முதலில் நிழலும் தண்ணீரும். கூடவே வந்த ஆட்டையே பக்கத்தில் கட்டுவேன். தனியாகக் கட்டினால் ஆடு ராத்திரி முழுக்கக் கத்தியே தேய்ந்துபோகும். முன்பின் பார்த்திராத காளைகளையும் போத்துகளையும் ஒன்றுக்கொன்று எட்டாதபடி கட்டுங்கள். வால் முறுக்குவது, அடிப்பது, ஓட்டிப் பிடிப்பது எதுவும் என் கொட்டகையில் கிடையாது. வாயில்லாச் சீவனின் கடைசி நாளை நிம்மதியாக வைப்பது நம் கடமை, கறிக்கும் அதுதான் நல்லது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2001-இல் வந்த இறைச்சிக்கூட விதிகளும், கால்நடை மருத்துவர் பார்த்த பிறகு 24 மணி நேரம் ஓய்வு கொடுக்கச் சொல்கின்றன. அதைச் சடங்காக நினைக்காதீர்கள்.

கருப்பட்டித் தண்ணீர் கொடுத்தால் ஒரே ராத்திரியில் தெம்பு வந்துவிடும் என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். மனிதனுக்கு அது சரி. அசைபோடும் பிராணிக்கு அவ்வளவு சுலபமில்லை. சர்க்கரை இரத்தத்துக்குப் போகும் முன்பே முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைத்துவிடும். அதனால் ஆடு மாடுகளின் தசையில் கிளைக்கோஜன் திரும்ப நிரம்புவதற்குப் பல நாள் ஆகும். ரொம்பக் களைத்து வந்த மாட்டை இரண்டு மூன்று நாள் தீவனம் கொடுத்து நிறுத்துவதுதான் வழி. தீவனச் செலவை நினைத்துத் தயங்குபவர்கள், கறுத்த கறியில் போகும் காசையும் கணக்கில் எழுதிப் பாருங்கள்.

இரண்டாம் படி: அளந்து பழகுங்கள்

கறிக்குள் குத்தி அளக்கும் கூர்முனை கொண்ட பி.எச். மீட்டர் ஒன்று வாங்குங்கள். கூடவே குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர். தினமும் காலையில் பி.எச். 7, பி.எச். 4 என்ற இரண்டு அளவுக் கரைசலில் மீட்டரைச் சரிபார்த்துவிட்டுத்தான் கறியில் குத்த வேண்டும். சூடான கறியிலும் குளிர்ந்த கறியிலும் மீட்டரைக் கரைசலின் வெப்பத்துக்கே வைத்து அளந்தால் எண் தப்பாக வரும்; வெப்பத்தைத் திருத்திக்கொள்ளும் வகை மீட்டராகப் பார்த்து வாங்குங்கள். கொழுப்பிலோ சவ்விலோ குத்தாமல் முதுகுத்தண்டை ஒட்டிய கறியில் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்குங்கள். எப்போதும் ஒரே இடத்தில் அளந்தால்தான் ஒரு ஆட்டை இன்னொரு ஆட்டோடு ஒப்பிடலாம். அறுத்து முக்கால் மணி, மூன்று மணி, ஆறு மணி, மறுநாள் அதே நேரம் என்று நாலு தடவை போதும். முக்கால் மணியில் 7-ஐ ஒட்டி நின்று, மறுநாள் 5.5-க்கும் 5.8-க்கும் நடுவில் வந்தால் அந்தக் கிடா நன்றாக வைத்திருந்த கிடா.

மீட்டர் வாங்கும் வரை கையும் கண்ணும் போதும். முன்னங்கால் மூட்டை மடக்கிப் பாருங்கள். துணிபோல மடங்கினால் விறைப்பு இன்னும் வரவில்லை. மடக்க முடியாமல் திமிறினால் வந்துவிட்டது. ஆட்டிலும் மாட்டிலும் விறைப்பு முழுதாக வரப் பல மணி நேரம் ஆகும், பெரிய மாட்டில் ஒரு நாள்கூட ஆகலாம்.

மூன்றாம் படி: குளிரை அவசரப்படுத்தாதீர்கள்

புதியவர்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான். நானும் தவறினேன். கல்யாண வீட்டு ஆர்டர் ஒன்று. முந்தின நாளே அறுத்துக் கொடுத்துவிட்டால் நிம்மதி என்று நினைத்து, விடியக்காலம் அறுத்த ஆட்டை ஒரு மணி நேரத்துக்குள் துண்டு போட்டு, ஒவ்வொரு கிலோவாகத் தட்டையான பாக்கெட் கட்டி நேராக டீப் ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் காலையில் எடுத்து வெந்நீர் அண்டாவில் போட்டு இளக்கினோம். இளக இளக ஒவ்வொரு துண்டும் கண் முன்னால் சுருண்டு உருண்டையானது. பாக்கெட் முழுக்கச் சிவப்புத் தண்ணீர். சமையல்காரர் மூன்று மணி நேரம் வேகவைத்தும் பல்லுக்கு ரப்பர் போலத்தான் இருந்தது. "கிழட்டு ஆட்டை அறுத்துட்டியா?" என்று கல்யாண வீட்டு மாமா எல்லார் முன்னாலும் கேட்டார். ஒரு வயதுகூட நிரம்பாத கிடா அது. என்னிடம் பதில் இல்லை. அந்த வெட்கத்தில்தான் இதையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

நடந்தது இதுதான். விறைப்பு வருவதற்கு முன்னால் தசையில் ஏ.டி.பி. மிச்சம் இருக்கும், சுருங்கும் சக்தியும் இருக்கும். அந்த நேரத்தில் பி.எச். 6-க்கு இறங்கும் முன்பே கறி 10 டிகிரிக்குக் கீழே போய்விட்டால், தசைக்குள் பூட்டி வைத்த கால்சியம் குளிரில் கசியும். கால்சியம் கிடைத்த தசை சுருங்கும். பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில், எலும்பிலிருந்து பிரித்த கறி அதன் நீளத்தில் பாதியளவு வரைகூடச் சுருங்குவதை நியூசிலாந்தில் லாக்கர், ஹாக்யார்ட் என்ற இருவர் 1963-இல் எழுதிக் காட்டினார்கள். ஏற்றுமதிக்கு உறைய வைத்த ஆட்டிறைச்சி கடினமாகிப்போன பிரச்சினைக்கு அங்கே விடை கிடைத்தது இந்த வழியில்தான். விறைப்புக்கு முன்பே உறைய வைத்து, பிறகு சட்டென்று இளக்கினால் கால்சியம் மொத்தமும் ஒரேயடியாகக் கொட்டும். என் கல்யாணக் கறிக்கு நேர்ந்தது அதுதான்.

குளிர் ஆகாது என்று வெளியே 30 டிகிரியில் தொங்கவிட்டாலும் தப்பு. சூட்டிலும் தசை சுருங்கும், கிருமியும் பெருகும். சுருக்கம் மிகக் குறைவாக இருப்பது 14 முதல் 19 டிகிரி வரை. அந்த இடத்தைத்தான் நாம் பிடிக்க வேண்டும்.

பெரிய கூடத்தில் குளிர் அறையையே 15 டிகிரிக்கு வைத்துவிடலாம். சின்னக் கடையில் அதற்கு வழி, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மீன்காரர்கள் வைத்திருக்கும் பெரிய தெர்மாகோல் பெட்டி. அடியில் ஐஸ் பாட்டில்களைத் துணியில் சுற்றி வையுங்கள். மேலே கம்பித் தட்டு. அதன் மேல் எலும்போடு கூடிய முழுத் தொடை, ஈரம் துடைத்து, ஐஸில் படாமல். மூடி மேல் தெர்மாமீட்டரைச் சொருகி 15 டிகிரியைப் பாருங்கள். ஏறினால் பாட்டிலை மாற்றுங்கள், இறங்கினால் ஒன்றை எடுத்துவிடுங்கள். மூட்டு விறைத்த பிறகு, அல்லது பி.எச். 6-க்குக் கீழே வந்த பிறகு, 4 டிகிரி பிரிஜ்ஜுக்கு மாற்றலாம். பெட்டியும் தட்டும் தினமும் வெந்நீரில் கழுவிக் காய வேண்டும். இதில் சோம்பல் பட்டால் மேலே சொன்னது எதற்கும் பயனில்லை.

துண்டு போடுவதை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். எலும்போடு ஒட்டிய தசையை எலும்பே இழுத்துப் பிடிக்கும், சுருங்க விடாது. முழு ஆட்டையும் குதிகால் நரம்பில் தொங்கவிடுவதைவிட இடுப்பெலும்பில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டால் பின்தொடையும் முதுகும் நீண்டு நிற்கும், கறி இன்னும் மிருதுவாக வரும். பார்க்க வழக்கத்துக்கு மாறாக இருக்கும், இரண்டு வாரத்தில் கண் பழகிவிடும்.

கைமாவுக்கு மட்டும் இது தலைகீழ். விறைப்புக்கு முன்பே அரைத்து உடனே உப்புச் சேர்த்தால், பி.எச். உயரத்திலேயே நிற்கும், கறி தண்ணீரை விடாது. கோலா உருண்டைக்கும் கட்லெட்டுக்கும் கேட்பவர்களுக்குக் காலைக் கறியையே அரைத்து, உப்பிட்டு, உடனே குளிரில் வையுங்கள்.

பன்றிக்கும் கோழிக்கும் வேறு கணக்கு

ஆட்டுக்குச் சொன்னதைப் பன்றிக்குச் செய்துவிடாதீர்கள். பன்றித் தசையில் கிளைக்கோஜன் வேகமாக எரியும். மதிய வெயிலில் துரத்திப் பிடித்து அறுத்தால், கறி 40 டிகிரி பக்கம் கொதிக்கும்போதே முக்கால் மணியில் பி.எச். 5.8-க்குக் கீழே போய்விடும். சூடும் புளிப்பும் சேர்ந்து புரதத்தைப் பாதி வேகவைத்ததுபோல் ஆக்கிவிடும். கறி வெளுத்து, தொளதொளத்து, தட்டு நிறையத் தண்ணீர் விடும். சில இனப் பன்றிகளுக்குத் தசையின் கால்சியம் கதவில் பிறவிக் கோளாறே உண்டு. அந்த மரபணு மாற்றத்தை 1991-இல் கண்டுபிடித்தார்கள். பன்றியை விடியக்காலத்தில் அறுங்கள். அதற்கு முன் இரண்டு மூன்று மணி நேரம் நிழலில் நிறுத்தித் தண்ணீர் தெளியுங்கள். அறுத்த பிறகு தாமதிக்காமல் குளிர வையுங்கள்.

கோழிக்கு விறைப்பு ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். எலும்பில்லாத நெஞ்சுக்கறி கேட்கும் ஓட்டல்களுக்குச் சிறகு பறித்த சூட்டோடு சதையை உரித்துக் கொடுத்தால் அது ரப்பராகத்தான் இருக்கும். முழுக் கோழியாகப் பிரிஜ்ஜில் நாலு மணி நேரமாவது வைத்துவிட்டு எலும்பை எடுங்கள். ஓட்டல்காரரிடம் முந்தின நாளே ஆர்டர் வாங்கிவிட்டால் இதில் ஒரு சிரமமும் இல்லை.

நான்காம் படி: ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள்

விறைத்த கறி தானாகவே மெல்ல இளகும். பூட்டிய இழைகள் திறப்பதில்லை. கால்பெய்ன் என்ற நொதிகள் இழைகளைத் தாங்கும் புரதங்களை அங்கங்கே அறுத்துவிடுகின்றன. குளிர்பதனத்தில் இந்த வேலையில் ஐந்தில் நாலு பங்கு முடியக் கோழிக்கு ஏறத்தாழ 8 மணி நேரம், பன்றிக்கு 4 நாள், மாட்டுக்கு 10 நாள் ஆகும். நம் ஊரில் பத்து நாள் வைத்த கறி என்றால் வாடிக்கையாளர் கடை வாசலையே மிதிக்க மாட்டார், எனக்கும் தெரியும். அவ்வளவு வேண்டாம். ஆட்டுக்கறியை ஒரு நாள், மாட்டுக்கறியை இரண்டு மூன்று நாள் 4 டிகிரிக்குக் கீழே வைத்தாலே வித்தியாசம் பல்லுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்களிடம் நான் சொல்வது இது. இன்றைக்கே சமைப்பதென்றால் போனதும் அடுப்பில் ஏற்றிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டுமென்றால் ஞாயிறு காலையில் வரிசையில் நிற்காதீர்கள். வெள்ளிக்கிழமை அறுத்து விறைத்துக் குளிர்ந்த கறியைச் சனிக்கிழமை வாங்கி பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்ததை வெந்நீரில் போடாமல் முந்தின ராத்திரியே கீழே இறக்கி மெதுவாக இளகவிடுங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் அறுத்த தேதியும் மணியும் எழுதி ஒட்டுகிறேன். தொடக்கத்தில் அதைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. இப்போது நேத்தத்த எறச்சி என்று அன்றைக்குச் சொன்ன அதே அக்கா, "வெள்ளிக்கெழம அறுத்தது இருக்கா மக்கா?" என்று கேட்டு வாங்குகிறார்.

கடைசியாக மீட்டரைப் பற்றி ஒன்று. ராத்திரி கடை அடைக்கும்போது அதன் முனையை மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி, கொழுப்பைத் துடைத்து, மூடிக்குள் அதற்கென்று தரும் உப்புக் கரைசலை நாலு சொட்டு விட்டு மூடுங்கள். காயவிட்டாலும் கெடும், காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போட்டாலும் கெடும். நான் முதலில் வாங்கிய மீட்டர் இரண்டு மாதம்கூட உழைக்கவில்லை, அதைக் காயவிட்டதுதான் காரணம்.